தொடாமலே தீருமாம்!

தோழா!

குற்றாலத்தின் சாரற்காலத்தை நீ அறிவாய். மேகம் இறங்கி மலையைத் தழுவும். பேரருவி பேரிரைச்சலுடன் விழும். பழைய குற்றாலம் முதல் ஐந்தருவி வரை மக்கள் வெள்ளம் புரளும். அருவிக்குப் போகும் வழியிலே எண்ணெய்க் கிண்ணத்துடன் நிற்பான் ஒரு தொழிலாளி. தேய்ப்பான், பிடிப்பான், தட்டுவான். இறுகிய தோள் இளகும், வளைந்த முதுகு நிமிரும். கூலியை வாங்கி மடியிலே செருகிக்கொண்டு, "அலுப்புத் தீர்ந்ததா அண்ணாச்சி?" என்று கேட்பான். அவ்வளவே! "சர்க்கரை நோய் தீர்ந்ததா?" என்று அவன் கேட்பதில்லை. "புற்று கரைந்ததா?" என்றும் கேட்பதில்லை. அவன் கையிலே சான்றிதழ் இல்லை. ஆனால், அவன் வாயிலே பொய்யும் இல்லை!

அவனுக்குப் பக்கத்திலே இன்னொருவரை நிறுத்திப் பார். இவர் எண்ணெயைத் தொடமாட்டார். பலவேளைகளில் உடலையும் தொடமாட்டார். காற்றிலே கை வீசுவார். "உன்னைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறது, அதிலே அழுக்குப் படிந்திருக்கிறது, ஆற்றலைப் பாய்ச்சி அதனைத் துடைக்கிறேன்" என்பார். ரெய்கி என்பார் ஒருவர். பிராண சிகிச்சை என்பார் மற்றொருவர். பெயர்கள் பல, கைவீச்சு ஒன்று! சுவரிலே கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ். பெயருக்கு முன்னாலே 'மாஸ்டர்'. துணிவு மிகுந்தால் 'டாக்டர்'!

"இவர்களிலே தகுதி பெற்றவரைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்?" என்று நல்லெண்ணம் கொண்ட நண்பர்களே கேட்கின்றனர். கேள்வியிலேயே கண்ணி இருக்கிறது, தோழா! தகுதி என்றால் அதை அளக்க ஒரு கோல் வேண்டும். அளப்பதற்கு ஒரு மன்றம் வேண்டும். தவறினால் தண்டிக்க ஒரு சட்டம் வேண்டும். இங்கே கோல் எது? மன்றம் எங்கே?

நாடகம் எழுதுபவன் நான்; ஆகவே ஒரு சிறு உரையாடலைக் கேள்.

"ஐயா, இந்தச் சான்றிதழைத் தந்தவர் யார்?"

"என் குரு."

"அவருக்குத் தந்தவர்?"

"அவருடைய குரு."

"முதற் குருவுக்கு?"

"மலையிலே 21 நாள் நோன்பிருந்தார், ஆற்றல் தானே வந்து இறங்கிற்று!"

இது என் கற்பனை அன்று. 1922இல் ஜப்பானிலே, குராமா மலையில் நோன்பிருந்த மிக்காவோ உசுயிக்கு இவ்வாறுதான் ரெய்கி கிட்டியது என்று அந்த வழியினரே கூறுகின்றனர். பிராண சிகிச்சையோ, பிலிப்பைன்ஸ் நாட்டின் சோவா கோக் சூயி 1987இல் நூல் எழுதிப் பரப்பியது. பொதிகைச் சித்தர் பெயரைச் சொல்லி இவற்றை விற்போர் வந்தால், இந்த இரண்டு ஆண்டுகளையும் அவர்முன் எடுத்து வை!

அரசு என்ன சொல்லிற்று? 2003 நவம்பர் 25இல் மத்திய சுகாதாரத்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. வல்லுநர் குழு ஒன்று பல மருத்துவ முறைகளை ஆராய்ந்தது. ரெய்கியும் பிராண சிகிச்சையும் அந்தப் பட்டியலில் இருந்தன. காந்த சிகிச்சையும் கல் சிகிச்சையும் இருந்தன. இவற்றில் ஒன்றையும் மருத்துவ முறையாக ஏற்கப் பரிந்துரைக்கவில்லை அக்குழு. ஏற்கப்படாத முறையிலே பட்டமோ பட்டயமோ தரலாகாது, ஏற்கப்பட்ட முறையினரே 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாம் என்றது ஆணை. அப்படியானால் சுவரிலே தொங்குவது என்ன? காகிதம், தோழா, வெறுங் காகிதம்!

கல்லூரியை நடுவிலே விட்டு வந்தவன் நான். பட்டமில்லாதவனை இழித்துப் பேசுவது என் நோக்கமன்று. மேடையிலே மன்னர் வேடம் போட்டிருக்கிறேன். ஆனால், திரை விழுந்ததும் முடியைக் கழற்றிவிட்டேன். தெருவிலே இறங்கி வரி கேட்கவில்லை! வேடத்தோடு தெருவுக்கு வந்து வசூல் செய்பவரையே கண்டிக்கிறேன்.

"ஆற்றல் உண்மையாகவே பாய்கிறதோ, என்னவோ" என்று ஐயுறுகிறாயா? உலகம் இதனை என்றோ சோதித்துவிட்டது. பாரிசிலே மெஸ்மர் என்பார், உடலிலே ஒரு காந்தம் ஓடுகிறது, அதனைத் திருப்பினால் நோய் தீரும் என்றார். பித்துப் பிடித்தது பாரிசுக்கு. 1784இல் மன்னன் குழு அமைத்தான். மின்னலை ஆய்ந்த பிராங்க்ளின் அதிலே இருந்தார். வேதியியலுக்கு வித்திட்ட லவாசியே இருந்தார். தோட்டத்து மரம் ஒன்றுக்கு 'ஆற்றல் ஏற்றினர்'. கண்ணைக் கட்டி ஒரு சிறுவனை மரம் மரமாக அழைத்துச் சென்றனர். ஆற்றல் ஏற்றாத மரத்தருகே மயங்கி விழுந்தான் சிறுவன்! வீழ்த்தியது காந்தமன்று, கற்பனை.

அமெரிக்காவிலே எமிலி ரோசா என்றொரு சிறுமி. கையால் ஆற்றலை உணர்வதாகச் சொன்ன 21 பேரைத் திரைக்குப் பின்னே உட்காரவைத்து, இரு கைகளையும் நீட்டச் சொன்னாள். ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடித்து, "எந்தக் கை?" என்று கேட்டாள். 280 முறை கேட்டாள். 123 முறைதான் சரியான விடை. காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் பாதி சரியாக இருந்திருக்கும்! 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏடு அதனை வெளியிட்டது. ஒன்பது வயதிலே அவள் கேட்ட கேள்வியை வளர்ந்த நாம் கேட்க வேண்டாமா?

"கண்மூடிக் கிடந்தேன், மனம் இலேசாயிற்று" என்பார் சிலர். இருக்கலாம், மறுக்கவில்லை. அருவியிலே நின்றாலும் மனம் இலேசாகும். ஆறுதலை ஆறுதல் என்று சொல்லி விற்றால் சண்டை இல்லை. அதனை மருந்து என்று சொல்லி விற்கும்போதுதான் உயிர் போகிறது!

ஆலங்குளம், சுரண்டை வட்டாரத்திலே மடியிலே முறத்தை வைத்துப் பீடி சுற்றும் தாயை எண்ணிப்பார். குனிந்து குனிந்து கழுத்து நொந்தவள். புகையிலைத் தூளிலே இருமுபவள். அந்த இருமல் காசநோயா என்று சளியைச் சோதித்தால் தெரிந்துவிடும். ஆறு மாத மருந்திலே பெரும்பாலும் குணமாகிவிடும். அரசு மருத்துவமனையிலே அது இலவசம். அவளிடம் கை வீசி மூன்று மாதத்தைத் திருடினால் நோய் நுரையீரலைத் தின்னும்; வீட்டிலுள்ள பிள்ளையையும் தொற்றும். பணத்தைத் திருடியவனைச் சிறையில் அடைக்கிறோம். காலத்தைத் திருடியவனுக்கு மாலையா?

2018 சூலையிலே திருப்பூரில், மருத்துவமனை வேண்டாமென்று வீட்டிலேயே மகப்பேறு பார்த்த இளந்தாய் ஒருவர் குருதிப்போக்கால் மாண்டதை மறந்துவிட்டாயா? மருத்துவமனையைப் பழிக்கும் பேச்சு முடிவிலே கொண்டுபோய் நிறுத்தும் இடம் அதுதான்!

ஆகவே, எவரிடம் போனாலும் இவற்றைக் கேள். மாநிலப் பதிவேட்டிலே பெயர் உண்டா? நாடியோ குருதியோ, நோயைச் சோதித்தாரா? 'இது என்னால் ஆகாது' என்று சொல்லும் நேர்மை உண்டா? உட்கொள்ளும் மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடு. தொக்கணமும் வர்மமும் நாடுவோர் பாளையங்கோட்டையைப் பார்க்கட்டும். 1964 முதல் அங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டு அந்தப் படிப்பு. வார இறுதிப் பயிற்சி முகாம் அன்று! நீரிழிவையும் புற்றையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வோர்மீது பாய 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 54 நோய்கள் அதன் அட்டவணையிலே உள்ளன. மந்திரமும் தாயத்தும் அதற்கு உட்பட்டவையே. முதற் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு.

ஆனால் தோழா, ஒன்றை மறைக்கமாட்டேன். அந்தத் தாய் கைவீச்சுக்காரரை நாடுவது ஏன்? அவர் அரைமணி நேரம் உட்காரவைத்து அவள் துயரைக் கேட்கிறார். மருத்துவமனையின் நெடுவரிசையிலே அவளுக்குக் கிடைப்பதோ அரை நிமிடம்! பொய்யன் காட்டும் பரிவை மெய்யர் காட்டாதவரை பொய்க்கு வாடிக்கை குறையாது. மருத்துவர் எண்ணிக்கையைப் பெருக்கு, நோயாளியிடம் பேச நேரம் ஒதுக்கு என்று கேட்பதும் இந்தப் போரின் ஒரு பகுதியே.

அதுவரை உன் கடமை ஒன்று உண்டு. உன் தெருவிலே இருமிக்கொண்டிருக்கும் அந்தத் தாயின் கையைப் பிடித்துத் தென்காசித் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல். வரிசையிலே அவளுக்காக நீ நில். சீட்டிலே எழுதியதை அவளுக்குப் படித்துச் சொல். காற்றிலே வீசும் கை வேண்டாம். கூட்டிச் செல்லும் உன் கை போதும்!