நிற்கிற காலுக்கு வைத்தியம் எங்கே?

தோழர்களே! ஷிப்டு முடித்து வரும் தொழிலாளியின் கெண்டைக்காலைப் பாருங்கள். நீல நரம்பு மண்புழுவாகச் சுருண்டிருக்கும். “தலைவிதி” என்கிறார்கள். விதியாவது, வினையாவது! இரத்தத்தை மேலேற்றும் குழாய்களில் சிறு கதவுகள் உண்டு. அவை தளர்ந்தால் இரத்தம் காலிலேயே தேங்கும். முற்றினால் கணுக்காலில் ஆறாத புண். பரம்பரையும் பிரசவமும்கூடக் காரணம்தான். மணிக்கணக்கில் நிற்பது அதை முற்ற வைக்கிறது.

இறுக்குக் காலுறை, ஊசிமருந்து, லேசர், ஆபரேஷன் என்று வைத்தியம் பல. எண்ணெய் தேய்த்துக் காலங்கடத்தாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். (கல்வராயன் மலை வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறினால் ஒருநாள் கூலி போச்சு!) ஆனால் ஆபரேஷன் முடித்தவனை மறுபடி எட்டு மணி நேரம் நிறுத்தி வைத்தால் அது என்ன வைத்தியம்?

நின்று வேலை செய்பவருக்கு உட்கார வசதி வேண்டுமென்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் 44-வது பிரிவிலேயே எழுதியது. எத்தனை மில்லில் பெஞ்சைக் கண்டீர்கள்? ஜவுளிக்கடைச் சிப்பந்திக்கு நாற்காலி போட கேரளம் 2018-லும் தமிழகம் 2021-லும் தனியே சட்டம் திருத்த வேண்டிவந்தது. சேற்றில் நின்று நடவு நடும் கூலிப்பெண்ணுக்கோ அந்தக் காகிதமும் இல்லை.

முதலாளி லேசர் வாங்கித் தர வேண்டாம். மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடட்டும்! வயலில் இடைவேளை விடட்டும்! அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இதைக் கோரிக்கையில் எழுதுங்கள்.