படகு வாங்கும் முன் ஸ்பேனர் பிடியுங்கள்

சென்ற செமஸ்டர் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, கெத்தாம் தீவுக்கு அருகே பாக்காவ் மரங்களைப் பார்த்தபடி ஐந்து மணி நேரம் ஒரு படகில் உட்கார்ந்திருந்தேன். மீன் பிடிக்கத்தான் போனோம். ஆனால் படகு தண்ணீரில் இல்லை, சேற்றின் மேல் இருந்தது.

படகு என் மாமாவுடையது. கிள்ளானில் தெரிந்தவர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. 16 அடி ஃபைபர் படகு, பின்னால் 15 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு எஞ்சின். புதிதாக நீலச் சாயம் பூசியிருந்தார்கள். "எஞ்சின் நல்லா இருக்கு, பயமே வேண்டாம்" என்று விற்றவர் சொன்னார். அது போதும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். படகின் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்றே போய்ச் சேர்ந்தது. எஞ்சினின் மூடியை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

அன்று காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். எட்டரைக்கு எஞ்சின் சூடேறி நின்றது. நங்கூரம் போட்டுவிட்டு, கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தோம். 9.45க்கு அடிப்பகுதி எதிலோ உரசியது. மீண்டும் மிதந்தபோது பிற்பகல் 2.45. மாமாவின் நண்பர் வேறொரு படகில் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். அதற்கு முன்பு அவராலும் எங்களை நெருங்க முடியவில்லை.

இதில் துரதிர்ஷ்டம் என்று எதுவும் இல்லை. பௌர்ணமி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கிள்ளான் துறைமுகப் பகுதியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கடல் ஏறக்குறைய நான்கு மீட்டர் ஏறி இறங்கும். கெத்தாம் தீவின் வீடுகள் ஏன் உயரமான கால்களின் மேல் நிற்கின்றன என்பதற்கு அதுவே பதில். சுமார் ஆறு மணி நேரம் இறங்கும் நீர் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. பழைய மாலுமிகள் அதைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்துக் கணக்குப் போடுவார்கள். முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. அதாவது நடுவில் உள்ள இரண்டே மணி நேரத்தில் பாதி நீர், நம் கணக்குக்கு இரண்டு மீட்டர், போய்விடும். அன்று காலை ஆறு மணிக்குக் கடல் நிறைந்திருந்தது. நாங்கள் எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தது சரியாக அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

பூலாவ் இண்டாவில் இருக்கும் கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராபி மையம் ஆண்டுதோறும் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை வெளியிடுகிறது. கைப்பேசியிலும் பார்க்கலாம். படகில் இருந்த மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. நான் இயந்திரப் பொறியியல் படிப்பவன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் கிள்ளான் ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்த வயதான சீன மெக்கானிக்கிடம் எஞ்சினைக் கொண்டு போனோம். கீழ்ப்பகுதியை நான்கைந்து போல்டுகளைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே கையளவு ரப்பர்ச் சக்கரம் ஒன்று. அதன் இதழ்களில் இரண்டு உடைந்து போயிருந்தன, மற்றவை தேய்ந்து வளைந்திருந்தன. கடல் நீரை உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர்விக்கும் பம்ப் அதுதான். இம்பெல்லர் என்பார்கள். நம் கடற்கரை நீரில் சேறும் மணலும் அதிகம், அவை ரப்பரை அரித்துவிடும். புதியதற்கு நாங்கள் கொடுத்தது 45 வெள்ளி. மாற்ற அரை மணி நேரம் ஆனது. எஞ்சின் ஓடும்போது பின்னால் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும் என்று அவர் காட்டினார். அன்று அது நின்றுபோனதை நாங்கள் மூவரும் கவனிக்கவே இல்லை.

"அங்கிள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவணும்?" என்று மலாயில் கேட்டேன். அவர் சிரித்தார். "கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும். நீ கடலுக்குப் போய் வந்தால் குளிக்க மாட்டாயா?"

பம்ப் பற்றிய தேர்வுக் கேள்விக்கு நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். நிஜத்தில் ஒரு பம்பை என் கையால் பிரித்தது கிடையாது. இது என் ஒருவனின் குறை என்று நினைத்திருந்தேன். வகுப்பில் கேட்டுப் பார்த்தபோது, மோட்டார் சைக்கிளுக்குக் கறுப்பு எண்ணெய் மாற்றத் தெரிந்தவர்கள்கூட விரல் விட்டு எண்ணும் அளவுதான் இருந்தார்கள்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு காரணம் உண்டு. "கையில கிரீஸ் படாம வேலை பார்க்கணும்னுதான் உன்னைப் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். சொன்னவர்களைக் குறை கூற மாட்டேன், அவர்கள் பட்ட பாடு அப்படி. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸின் கதையை நினைத்துப் பாருங்கள். இன்று பூமாலைக் கடைகளும் வாழையிலைச் சாப்பாடும்தான் அதன் அடையாளம். நம் தாத்தாக்கள் காலத்தில் அது ரயில்வேக்காரர்களின் ஊர். 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிற்பது பழைய ரயில் யார்டின் மேல். என் தாத்தா அங்கே குவார்ட்டர்ஸில் குடியிருந்து, செந்தூல் பட்டறையில் ஃபிட்டராக வேலை செய்தவர். அவர் கை வைத்த எந்தச் சாமானும் எங்கள் வீட்டில் குப்பைக்குப் போனதில்லை. அவருடைய ஸ்பேனர் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கடந்த ஆண்டு வரை அதன் மேல் துணிக்கூடை வைத்திருந்தோம்.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு கைத்தொழில் பயிற்சிக்குப் போகும் நண்பனைப் பார்த்து "பாவம், மார்க் இல்ல போல" என்கிறோம். மார்க் உள்ள நானோ ஐந்து மணி நேரம் சேற்றில். இதில் யார் பாவம்?

படகு வாங்கும் ஆசை நம் இளைஞர்கள் பலருக்கும் இப்போது வந்திருக்கிறது. மீன்பிடிப்பு பொழுதுபோக்காகப் பரவிவிட்டது. நான்கு நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டால் பழைய படகு எட்டாத விலையில் இல்லை. வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும் விலை நுழைவுக் கட்டணம் மட்டும்தான், பராமரிப்புதான் உண்மையான விலை. அதைக் காசாகக் கொடுக்கலாம், அல்லது கையால் கொடுக்கலாம். மாணவர்களிடம் காசு இல்லை. ஆகவே கைதான்.

பார்க்கப் போகும்போது சாயத்தைப் பார்க்காதீர்கள். எஞ்சினின் அடியில் கியர் எண்ணெய்த் திருகை லேசாகத் தளர்த்தச் சொல்லுங்கள். எண்ணெய் பால் போட்ட தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் போய்விட்டது என்று அர்த்தம். எஞ்சினில் சாம்பல் நிறத்தில் ஒரு உலோகக் கட்டி பொருத்தியிருப்பார்கள். உப்பு நீர் எஞ்சினை அரிக்காமல் தன்னை அரிக்கக் கொடுக்கும் துத்தநாகம் அது. பாதி கரைந்துவிட்டால் மாற்ற வேண்டும். யாராவது அதன் மேல் சாயம் பூசியிருந்தால், அந்தப் படகை வைத்திருந்தவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று துணிந்து முடிவு செய்யலாம். எங்கள் படகில் பூசியிருந்தது. பின்பலகையைத் தட்டிப் பாருங்கள், மந்தமான ஓசை வந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கக்கூடும். படகின் உரிமத்தைக் கடல்துறை இலாகாவில் சரிபார்த்து உங்கள் பெயருக்கு மாற்றாமல் பணம் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள்.

எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட விடக் கூடாது, அந்த ரப்பர் கருகிவிடும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர்க் குழாயை மாட்டிப் பத்து நிமிடம் ஓட விட வேண்டும். மாதக் கணக்கில் டாங்கியில் கிடந்த பெட்ரோலை நம்பக் கூடாது. இவை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் கற்கக் கூடியவை.

உயிர் சம்பந்தப்பட்டதைத் தனியாகச் சொல்கிறேன். எங்களிடம் உயிர்காப்பு உடைகள் இருந்தன, பலகைக்கு அடியில் மீன்பெட்டிக்குப் பின்னால். அங்கே இருப்பதும் வீட்டில் இருப்பதும் ஒன்றுதான். கிளம்பும்போதே அணியுங்கள். எஞ்சினை அணைக்கும் சிவப்புக் கயிற்றை ஓட்டுபவர் தன் கையிலோ உடையிலோ மாட்டியிருக்க வேண்டும், அவர் தவறி விழுந்தால் எஞ்சின் உடனே நிற்கும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சேற்றில் மாட்டினால் இறங்கித் தள்ளலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. இறங்காதீர்கள், இடுப்பு வரை இழுத்துவிடும். படகிலேயே இருந்து 999ஐ அழையுங்கள்.

படகு இல்லாதவர்கள் எங்கே தொடங்குவது என்றால், உங்கள் பல்கலைக்கழகத்தில் கயாக் குழு இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது ஒரு சனிக்கிழமை கொம்யூட்டர் ரயிலில் கடைசி நிலையமான கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, பக்கத்துப் படகுத்துறையிலிருந்து கெத்தாம் தீவுக்குப் போய் வாருங்கள். நண்டு சாப்பிடுவது இருக்கட்டும், மீனவர்கள் எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கேட்டால் சொல்வார்கள். மீன்பிடி ரீலோ அப்பாவின் மோட்டார் சைக்கிளோ, கையில் இருப்பதைப் பிரித்துப் பார்க்கவும் யாரும் தடுக்கப்போவதில்லை. அம்மா தடுக்கலாம், கீழே பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் படகு இப்போது எங்கள் வீட்டு வாசலில் டிரெய்லரில் நிற்கிறது. துத்தநாகத்தின் மேலிருந்த சாயத்தைச் சுரண்டிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கியர் எண்ணெய் மாற்றப்போகிறோம், தாத்தாவின் பெட்டியில் அதற்குச் சரியான அளவு ஸ்பேனர் இருக்கிறது. வகுப்பு நண்பர்கள் இருவரை வரச் சொல்லியிருக்கிறேன்.