படியெடுத்தலும் பாதுகாத்தலும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டியதைக் காத்தல் அதனினும் அரிது என்பது உலகியல் அறிந்தோர் யாவரும் ஒப்புவதே. இக்காலத்து மாணவர் ஈட்டும் அறிவுச்செல்வத்தின் பெரும்பகுதி கணினியின் வன்தட்டில் அடங்கிக் கிடக்கின்றது. ஆராய்ச்சி மாணவரொருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தொகுத்த அளவீடுகள் ஒரு கணத்தில் அழிதல் கூடும். ஆதலின் அவற்றைக் காக்கும் முறையைக் குறித்து நாம் சிந்தித்தல் அவசியமாகின்றது.

லினக்ஸ் கட்டளை வரியில் இவ்வேலைக்குப் பலரும் கையாளும் கருவி ஆர்ஸிங்க் என்பது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெரஸ் என்னும் இருவர் இதனை இயற்றி 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒவ்வொரு கோப்பின் அளவையும், அது கடைசியாகத் திருத்தப்பெற்ற நேரத்தையும் ஒப்புநோக்கி, மாறியவற்றை மட்டும் இது தேர்ந்தெடுக்கும். வேறொரு கணினிக்கு அனுப்புங்கால், மாறிய கோப்பினுள்ளும் மாறிய பகுதிகளை மட்டுமே அனுப்பும். முதல் நாளில் பல மணி நேரம் கொள்ளும் வேலை மறுநாள் சில நிமிஷங்களில் முடிவதற்குக் காரணம் இதுவே.

எனினும், இரு கோப்பகங்களை ஒத்திருக்கச் செய்தலையும் காப்புப்பிரதி எடுத்தலையும் ஒன்றென மயங்குவோர் பலர். இரண்டும் வேறு என்பதே நமது துணிபு. ஆர்ஸிங்க் கட்டளையில் ‘டெலீட்’ என்னும் சொல்லைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாதது பிரதியினின்றும் நீக்கப்படும். கண்ணாடியில் தோன்றும் உருவம், எதிரே நிற்பவன் அகன்றவுடன் தானும் மறைவதன்றோ? அங்ஙனமே, பகலில் கைதவறி ஒரு கட்டுரையை அழித்தவனுக்கு இரவில் அதன் பிரதியும் இல்லையாகின்றது. அச்சொல்லைச் சேர்க்காவிடினும், பிழைபடத் திருத்திய கோப்பு நல்ல பிரதியின்மேல் எழுதப்பெறும்.

வேலியே பயிரை மேய்தலும் உண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ சர்வகலாசாலையில், காப்பு வேலைக்கென அமைந்த கட்டளைத் தொகுப்பை அது ஓடிக்கொண்டிருக்கையிலேயே மாற்றியமையால், ஏறத்தாழ 77 டெராபைட் அளவுள்ள கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பெற்ற 14 குழுக்களுள் 4 குழுக்களின் கோப்புகள் காப்புப்பிரதியிலிருந்து மீட்கவியலாதனவாயின.

இணையத்தில் கோப்புகளைத் தாமே ஒத்திசைக்கும் வசதிகள் இருக்கக் கட்டளை வரி எதற்கு என்று சிலர் வினவுவர். அவையும் அழிவை அப்படியே எடுத்துச் செல்வனவே. அழிந்ததைப் பெரும்பாலும் குறித்த காலம் வரையிலேயே வைத்திருப்பன. கட்டளை வரியோ, தான் செய்யப்போவதை முன்னரே காட்டவல்லது. ‘டிரை ரன்’ என்று சேர்த்தால் ஒன்றையும் மாற்றாது, மாற்றக்கூடியவற்றின் பட்டியலை மாத்திரம் தரும். இதனைப் படியாமல் மெய்க்கட்டளையை ஏவுதல் அறிவுடைமையாகாது.

சாய்கோடும் கவனிக்கத்தக்கது. மூலத்தின் பெயருக்குப்பின் அதனை இட்டால் கோப்பகத்தின் உள்ளடக்கம் மட்டும் செல்லும். இடாவிடில் கோப்பகமே பெயரோடு செல்லும். ‘டெலீட்’ உள்ள கட்டளையில் வேண்டாத சாய்கோடொன்றை இட்டவன், சேருமிடத்திலுள்ள பிற கோப்புகள் அனைத்தையும் இழக்க நேரும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? நாள்தோறும் தேதியிட்ட தனிக் கோப்பகத்தில் பிரதியெடுத்தல் வேண்டும். ‘லிங்க் டெஸ்ட்’ என்னும் சொல்லைச் சேர்த்து முந்தைய நாட்பிரதியைச் சுட்டினால், மாறாத கோப்புகள் புதிதாய் இடங்கொள்ளா. நேற்றைய நிலையும் சென்ற மாதத்து நிலையும் தனித்தனியே நிற்கும். அப்பிரதிகள் வேறொரு தட்டில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறொரு கட்டடத்தில் இருப்பின் நன்று.

யாவற்றினும் முக்கியமானது மீட்டுப் பார்த்தல். ஒருபோதும் மீட்டுப் பாராத பிரதி, திறந்து பாராத பெட்டியையொக்கும். ஆய்வேட்டைத் தொடங்கும் மாணவர் ஒவ்வொருவரும், தம் பிரதியிலிருந்து கோப்பொன்றை ஆசிரியர் முன்னிலையில் மீட்டுக் காட்டுதலை ஒவ்வொரு துறையும் விதியாக்குமாயின், ஆண்டிறுதியில் வருந்துவோர் தொகை குறையும். இதற்கு வேண்டுவது பொருட்செலவன்று. அரைமணி நேரப் பயிற்சியே.