தேனீயின் சாவுக்கு யார் சாட்சி?

பஞ்சுத் தூசியைச் சுவாசித்து இருமும் மில் தொழிலாளியைச் சோதிக்க முதலாளி தன் சொந்த டாக்டரை அனுப்பினால், சர்டிபிகேட்டில் என்ன எழுதியிருக்கும் என்பதை நாம் அறிவோம். தேனீக்களின் மீது பூச்சிமருந்துக் கம்பெனிகள் நடத்தும் பரிசோதனையும் இதே ரகந்தான்!

மருந்தை விற்க அனுமதி கேட்கும் கம்பெனி, அது தேனீயைக் கொல்லுமா என்று சோதித்துக் காட்ட வேண்டும். செலவு கம்பெனியுடையது, சோதனைச் சாலையை அமர்த்துவதும் கம்பெனியே. அடிப்படைச் சோதனை மிகச் சுருக்கமானது. விஷத்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து ஊட்டுவார்கள். அல்லது தேனீயின் முதுகில் ஒரு சொட்டு விடுவார்கள். இரண்டு நாள் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். பிழைத்த தேனீ கூட்டுக்கு வழி கண்டு திரும்புமா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

அந்தக் கேள்வியைப் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் கேட்டார்கள். தேனீக்களின் முதுகில் நுண்ணிய அடையாளச் சில்லை ஒட்டி, தையாமீத்தாக்சம் என்ற மருந்தைச் சாகாத அளவுக்கு ஊட்டி, வெளியே பறக்க விட்டார்கள். பல தேனீக்கள் வீடு திரும்பவில்லை. முடிவு 2012-ல் வெளியாயிற்று. இரண்டு நாள் கணக்கில் உயிரோடிருப்பவை வயலில் வழி தவறிச் சாகின்றன!

அதற்கு முன்பே, 2008-ல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் இன்னொரு கொடுமை நடந்தது. மக்காச்சோள விதையில் பூசிய குளோத்தியானிடின் சரியாக ஒட்டவில்லை. விதைக்கும் இயந்திரம் அதைத் தூசியாக ஊதித் தள்ளியது. தூசி பூக்களின் மேல் படிந்தது. 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. அதுவும் அனுமதி பெற்ற மருந்துதான்!

பிறகு பிரிட்டன், ஜெர்மனி, ஹங்கேரி ஆகிய மூன்று நாடுகளில் 33 வயல்களில் பெரிய பரிசோதனை நடந்தது. பணத்தில் பெரும் பகுதி பேயர், சின்ஜெண்டா கம்பெனிகளுடையது. நடத்தியவர்கள் பிரிட்டனின் ஆராய்ச்சி நிலையத்தார். முடிவு 2017-ல் வெளியாயிற்று. ஜெர்மனியில் நீடித்த கெடுதல் காணவில்லை. ஹங்கேரியிலோ மறு வசந்தத்தில் வேலைக்காரத் தேனீக்கள் 24 சதவீதம் குறைந்திருந்தன. பணம் கொடுத்த கம்பெனிகளே அந்த முடிவை ஏற்க மறுத்தன! சாதகமாக வந்தால் விஞ்ஞானம். பாதகமாக வந்தால் விவகாரம்!

ஐரோப்பிய யூனியன் 2018-ல் இவ்வினத்தைச் சேர்ந்த மூன்று மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை விதித்தது. முந்திய கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்காடிய பேயர் கம்பெனி 2021-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

"அப்படியானால் மருந்தே வேண்டாமா? பூச்சி தின்றால் பயிர் என்னாவது?" என்று சிலர் கேட்பார்கள். பூச்சி தின்ற வயலில் கூலியும் இல்லை என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் தேனீ வராத வயலில் பூசணியும் பாகலும் எப்படிக் காய்க்கும்? சூரியகாந்தி எப்படி மணி பிடிக்கும்? மருந்து வேண்டுமா என்பதல்ல நமது கேள்வி. அது கெடுதலற்றது என்று சொல்லும் உரிமை, விற்று லாபம் அடிப்பவனுக்கு எப்படி வந்தது என்பதே கேள்வி.

தேனீயோடு நிற்கும் சங்கதியல்ல இது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்த ஏழை விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும் விஷமேறிச் செத்தார்கள்; நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்கள் தெளித்தவற்றில் அனுமதி பெற்றுக் கடையில் விற்ற மருந்துகளும் இருந்தன. அனுமதிச் சீட்டு அவர்களைக் காப்பாற்றவில்லை!

ஆகவே நாம் கோருகிறோம்: பரிசோதனைச் செலவைக் கம்பெனி சர்க்காரிடம் கட்டட்டும், சோதனையைப் பொது ஆராய்ச்சி நிலையம் நடத்தட்டும். இரண்டு நாள் போதாது. பூக்கும் பருவம் முழுதும், மறு ஆண்டு வரையும் வயலிலேயே சோதிக்கட்டும். நல்லதோ கெட்டதோ, முடிவு முழுவதும் தமிழில் அச்சாகட்டும். அதைப் பரிசீலிக்கும் குழுவில் தேனீ வளர்ப்போரும், மருந்து தெளிக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இடம் பெறட்டும்.

தேனீக்குச் சங்கம் கிடையாது. அது மனுப் போடாது. நமக்குச் சங்கம் இருக்கிறது. அதன் சாவுக்கும் நமது சாவுக்கும் கணக்குக் கேட்போம்!