சிவப்பு மாத்திரையும் பணிநேரமும்

கருவுற்ற பெண் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்று தெரிந்தவுடன், உடன் வந்தவர்கள் வழக்கமாகச் சொல்வது, “இவளுக்குத் தன் உடம்பின் மீதே அக்கறை இல்லை” என்பதுதான். அச்சொல்லை நாங்கள் ஏற்பதில்லை. மகப்பேற்றுப் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர் ஜவுளிக்கடைகளிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் பணிபுரிகின்றவர்கள். அவர்களுடைய ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்று கேட்டறியாமல் அவர்களது அக்கறையை அளப்பது முறையன்று.

கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதம் தொடங்கி நாள்தோறும் ஒன்றாக 180 நாள்களும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மேலும் 180 நாள்களும் உட்கொள்ள வேண்டும் என்பது விதி. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருக்கும் உடம்பு, பேறுகாலத்தில் ஏற்படும் இரத்த இழப்பைத் தாங்குவது கடினம். பிறர் தப்பித்துக்கொள்ளும் அளவிலான இழப்பே அவருக்கு உயிராபத்தாக முடியலாம்.

மாத்திரையால் குமட்டலும் மலச்சிக்கலும் வருகின்றன, மலம் கறுத்துப்போகிறது. கறுத்துப்போவதில் தீங்கில்லை என்று முன்கூட்டியே யாரேனும் சொல்லியிருந்தால் பாதிப் பேர் அஞ்சி நிறுத்தியிருக்கமாட்டார்கள். மலச்சிக்கலோ வேறு கதை. கழிப்பறைக்குச் செல்ல மேற்பார்வையாளரிடம் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கவேண்டிய இடத்தில் நின்று வேலை செய்யும் பெண், அத்தொல்லையைத் தரும் மாத்திரையைத் தள்ளிவைப்பது வியப்பன்று. வேறு சிலர், பணியிடத்தில் தேநீர் வரும் வேளையில் நினைவு வந்து மாத்திரையை விழுங்குகிறார்கள். தேநீரும் காப்பியும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. ஒழுங்காக விழுங்கியும் முழுப்பயன் கிட்டாத நிலை இது. இரவு உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றுடனோ நெல்லிக்காயுடனோ எடுத்துக்கொள்வது இவர்களுக்கு ஏற்றது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை மட்டும் அதனுடன் சேர்க்காமல் இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுக்க வேண்டும்.

அனுமதி கேட்கக் கூசித் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்களும் உள்ளனர். கர்ப்பகாலத்தில் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும்; கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கும். ஒரு பெண்ணின் பணியிடத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதும் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியே என்று நாங்கள் கருதுகிறோம்.

மாதாந்தரப் பரிசோதனையை விட்டுவிடுவோர் சொல்லும் காரணம் ஒன்றே: ஒரு நாள் கூலி போய்விடும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டியும் தலைவலிகூட இல்லாமல் நடமாடும் கர்ப்பிணிகள் உண்டு. கருவியால் அளந்து பார்த்தாலன்றி அது தெரியாது. ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு ஊரையே அழைத்துச் செலவிடும் குடும்பங்கள், அதே மாதத்தில் ஒரு நாள் கூலியை இழக்கத் தயங்குவது எங்களுக்கு விளங்கவே இல்லை. ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் பரிசோதனை இலவசமாக நடைபெறுகிறது. அந்த ஒரு நாளை முன்னதாகவே சொல்லிவைத்து விடுப்புப் பெறலாம்.

சட்டம் இவர்கள் பக்கமே உள்ளது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்த பாதுகாப்பின்படி, பேறுகாலத்துக்கு ஏறத்தாழ பத்து வாரங்கள் முன்பிருந்தே கடினமான வேலையையும் நெடுநேரம் நிற்கும் வேலையையும் மறுக்கலாம். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பை அளித்தது. அதில் எட்டு வாரங்கள் வரை பேற்றுக்கு முன்பே எடுக்கலாம். கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021ஆம் ஆண்டில் சட்டம் திருத்தியது. ஆயினும் வேலையைக் குறைக்கும் உரிமையை அப்பெண்ணே கேட்டுப் பெறவேண்டும் என்றிருப்பது அச்சட்டத்தின் குறை என்பது எங்கள் எண்ணம். வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர் எவ்வாறு கேட்பார்? கணவரோ மாமியாரோ உடன் சென்று பேசுவதும், மருத்துவரின் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்துச் செல்வதும் துணையாகும். அக்கடிதத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, வேலைக்குச் செல்லும் நேரம், தேநீர் வேளை, உணவு வேளை, வீடு திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். மாத்திரைகளை எந்நேரத்தில் உட்கொள்வது என்பதை அத்தாளைப் பார்த்தே எழுதித் தருவோம்.