தையல் போடும் முன் பத்து நிமிடம்

சார்ல்ஸ் மார்ட்டெல் என்று ஒரு அமெரிக்கக் கப்பல் கேப்டன். 1926-இல் அவருக்கு முதல் ஆபரேஷன். கோளாறு செய்த பாராதைராய்டு கிடைக்கவில்லை. அப்படியே ஆறு ஆபரேஷன்! 1932-இல், ஏழாவது முறையில், நெஞ்சுக்குள் ஒளிந்திருந்தது அகப்பட்டது. சில வாரங்களில் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாராதைராய்டு என்பது தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சுரப்பி. பொதுவாக நாலு இருக்கும். ஒன்று கெட்டு ஹார்மோனைக் கொட்ட ஆரம்பித்தால் எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து ரத்தத்துக்கு வந்துவிடும். சிறுநீரகத்தில் கல்லும் சேரும். பெரும்பாலும் கெடுவது ஒன்றுதான். அதனால் இப்போது ஸ்கேனில் இடம் பார்த்து, சின்னக் கீறலில் அதை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் இன்னொன்றும் கெட்டிருந்தால்? மற்ற மூன்றை யாரும் பார்க்கவே இல்லையே!

இதற்கு வழி இருக்கிறது. இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஐந்து நிமிடம் கூட ஆகாது. எடுப்பதற்கு முன் ஒரு முறை, எடுத்து 10 நிமிடம் கழித்து ஒரு முறை ரத்தம் சோதித்தால் போதும். பாதிக்கு மேல் இறங்கினால் தையல் போடலாம். இல்லையென்றால் தேட வேண்டும். மயாமியில் டாக்டர் ஜார்ஜ் இர்வின் 1990-களிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை இது.

"இரண்டு ஸ்கேனும் ஒரே இடத்தைக் காட்டினால் நூற்றுக்கு 95 பேருக்குக் குணமாகிவிடுகிறதே, இது தண்டச் செலவு" என்கிறது ஒரு கட்சி. சோதனை சில நேரம் தவறாகச் சொல்லி, வீணாகத் தேட வைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் ஸ்கேன் என்பது பட்ஜெட் மாதிரி. பட்ஜெட்டைப் பார்த்து யாராவது வருடக் கணக்கை முடிப்பார்களா?

மிச்சமாவது யார் பணம் என்றும் பார்க்க வேண்டும். சோதனைச் செலவும் காத்திருக்கும் நேரமும் ஆஸ்பத்திரிக்கு லாபம். அந்த மிச்சம் ஐந்து பேரில் ஒருவராக மாட்டிக்கொண்டால் நஷ்டம் நோயாளிக்கு. இரண்டாவது ஆபரேஷனில், தழும்பேறிய கழுத்தில், குரல் நரம்புக்கு ஆபத்து அதிகம்.

சோதனை வசதி இல்லையா? கழுத்தைத் திறந்து நாலையும் கண்ணால் பார்க்கும் பழைய முறை இருக்கிறது. கைதேர்ந்த சர்ஜன் செய்தால் அதிலும் அநேகமாக எல்லோருக்கும் குணமாகிறது. கண்ணாலும் பார்க்காமல் ரத்தத்திலும் பார்க்காமல் மூடுவதுதான் அநியாயம். சின்னத் தழும்பு என்று விளம்பரம் செய்பவர்கள், சோதிக்காமல் மூடுவோம் என்பதையும் அதே எழுத்தில் போடட்டுமே.