பாட்டைக் கேட்டோம், படத்தைப் பார்த்தோமா?

ஒரு தமிழ்ப் படம் மக்கள் நினைவில் தங்குவதற்குப் பெரும்பாலும் அதன் பாடல்களே காரணமாக இருக்கின்றன. வானொலி அவற்றை ஒலிபரப்புகிறது. கோவில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கி அவற்றைப் பாடுகிறது. தொலைக்காட்சி நள்ளிரவில் அதே நான்கு பாடல்களைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. படம் வந்து ஐம்பது ஆண்டுகள் ஆனபின்னும் பாட்டின் தயவில் அதன் பெயர் பிழைத்துக் கிடக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாட்டு படத்தை விட்டுப் பிரிந்து தனியே வாழத் தொடங்கிவிட்டால் அந்தப் படம் என்ன ஆகும்? பாட்டே இல்லாத படத்தின் கதி என்ன? இவ்விரு கேள்விகளையும் முன்வைத்துச் சில படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இவை பார்த்தவர்களால் நேசிக்கப்பட்டவை. பார்த்தவர்கள்தாம் குறைவு.

முதலாவது, கே. ஹரிஹரன் இயக்கிய 'ஏழாவது மனிதன்'. பாரதி நூற்றாண்டான 1982இல் வந்த படம். பாடல்கள் அனைத்தும் பாரதியுடையவை, இசை எல். வைத்தியநாதன். யேசுதாஸ் குரலில் வரும் 'நந்தலாலா' பாட்டைக் கேட்டிராத தமிழர் இருக்க முடியாது. கர்நாடக இசை மேடையில் கேட்டுப் பழகிய பாரதியை இவ்வளவு மென்மையாக, இவ்வளவு தனிமையோடு கேட்க முடியும் என்று காட்டிய பாட்டு அது. ஆனால் அது எந்தப் படத்தில் வருகிறது என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். படத்தின் பெயரைச் சொன்னவரிடம் கதையைக் கேட்டால் அவரும் தயங்குவார்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு சிமெண்ட் ஆலை. வேலைக்கு வரும் படித்த இளைஞன் ஆலையின் தூசி ஊராரின் உடம்பில் என்ன செய்கிறது, ஆலைக்குள் தொழிலாளி எப்படி நடத்தப்படுகிறான் என்பதை மெல்லமெல்ல உணர்கிறான். சுற்றுச்சூழல் என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் சரளமாகப் புழங்காத காலத்தில் எடுக்கப்பட்ட படம் இது. கதாநாயகனாக அறிமுகமானவர் ரகுவரன். பிற்காலத்தில் நிதானமான குரலில் மிரட்டும் வில்லனாகவே நம் மனத்தில் பதிந்துபோன அவரை, கூச்சமும் கோபமும் ஒருங்கே கொண்ட ஒல்லியான இளைஞனாக இதில் பார்ப்பது தனி அனுபவம். கருத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் சில காட்சிகளில் தெரிவது உண்மைதான். ஆயினும், பாரதியின் வரிகள் கோபத்தோடு வாழும் ஒருவனின் மூச்சாக ஒலிப்பதை இப்படத்தில் கேட்கலாம். தனியே கேட்கும்போது பாட்டுக்குக் கிடைக்காத பொருள் படத்துக்குள் கிடைக்கிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது. விருது கிடைத்தும் பாட்டுதான் நின்றது.

இரண்டாவது, பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989). இதில் பாட்டே கிடையாது. அவருடைய 'வீடு' (1988) பற்றி ஓரளவு பேசுகிறோம். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த படம் என்ற அளவிலாவது அது நினைவுகூரப்படுகிறது. அதன் நிழலிலேயே 'சந்தியா ராகம்' மறைந்துபோயிற்று. தாம் மிகக் குறைவாகச் சமரசம் செய்துகொண்டவை என்று அவர் சொல்லிவந்தது இந்த இரண்டு படங்களைத்தான்.

கதை என்று சொல்ல அதிகமில்லை. கிராமத்தில் மனைவியை இழந்த முதியவர் ஒருவர் சென்னையில் சிறு குடித்தனத்தில் வாழும் சகோதரர் மகன் வீட்டுக்கு வந்து சேர்கிறார். அங்கே கணவன், மனைவி, ஒரு குழந்தை. இன்னொரு குழந்தை வரப்போகிறது. வருமானம் அளந்து வைத்ததுபோல் இருக்கிறது. கூடுதலாக ஒரு வயிறு. அவ்வளவுதான். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமில்லை. மருமகளாக வரும் அர்ச்சனா கடிந்து பேசும்போது நமக்கு அவள்மீது வெறுப்பு வருவதில்லை. மாதக் கடைசி நினைவுக்கு வருகிறது. முதியவர் மௌனமாக ஒதுங்கும்போதும் அவர்மேல் நமக்குத் தோன்றுவது பரிதாபம் மட்டுமல்ல. தம்மால் பிறருக்கு எவ்வளவு சிரமம் என்று கணக்கிட்டுக்கொண்டே வாழ நேர்வது எப்படிப்பட்டது என்று அறிகிறோம். அந்த முதியவராக நடித்த சொக்கலிங்க பாகவதர் நாடக மேடையிலிருந்து வந்தவர். மேடையின் உரத்த குரலையும் வீசும் கைகளையும் முற்றிலும் துறந்து, நடையாலும் முதுகின் வளைவாலுமே நடித்திருக்கிறார். தமிழில் முதுமையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் வேறொன்றை என்னால் உடனே சொல்ல முடியவில்லை.

இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' சான்று. தமது குறுநாவலைத் தாமே இயக்கி 1965இல் அவர் வெளிக்கொணர்ந்த படம். கட்டட வேலை செய்யும் தாய், கிளி ஜோசியக்காரனோடு அவளுக்கு ஏற்படும் உறவு, அதை ஏற்க மறுக்கும் மகன் சிட்டி என்று சேரி வாழ்க்கையை அலங்காரமின்றிச் சொன்ன கதை. இதிலும் பாட்டு கிடையாது. இன்று குறுநாவலை எந்தப் புத்தகக் கடையிலும் கேட்டு வாங்கலாம். படம் எடுத்த கதையை 'ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்' நூலில் படிக்கலாம். படத்தைப் பார்ப்பதுதான் அரிது. எழுத்தில் இருந்த பகுதி பிழைத்துக்கொண்டது. ஃபிலிமில் இருந்த பகுதி வதந்தியாகிவிட்டது.

நல்ல படைப்பு தானே நிற்கும், யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை என்று நண்பர்கள் சொல்வதுண்டு. புத்தகத்துக்கு வேண்டுமானால் அது பாதி உண்மை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பிறகு சிற்றிதழ்காரர்களும் விமர்சகர்களும் விடாமல் பேசிப்பேசி அதை மீட்டார்கள். அப்படி மீட்பதற்கு அங்கே அச்சிட்ட பிரதிகள் காத்திருந்தன. ஒரே ஒரு பிரதி கரையான் தின்னாமல் கிடந்தாலும் நூலை மறுபடி அச்சிட்டுவிடலாம். ஃபிலிம் அப்படிக் காத்திருப்பதில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஃபிலிம் சுருள் வினிகர் வாடை வீசிச் சுருங்கிப்போகும்; நம் கடற்கரை நகரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 'வீடு' உள்ளிட்ட தம் படங்களின் நெகடிவ்கள் அழிந்துவிட்டதைப் பாலு மகேந்திராவே வேதனையுடன் சொல்லியிருக்கிறார். தமிழ்ப் படங்களுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014இல் மறையும்வரை அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆண்டுதோறும் இத்தனை படங்களை எடுத்துத் தள்ளும் நமக்கு அதற்கு இணையாக ஒன்று இங்கே வேண்டும் என்ற எண்ணம் வலுப்படவில்லை.

அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். ஆனால் யாரும் கேட்காத ஒன்றை எந்த அரசும் பாதுகாக்காது. கேட்பவர்கள் இருக்க வேண்டுமானால் பேசுபவர்கள் இருக்க வேண்டும். இங்கேதான் இலக்கிய வாசகர்களாகிய நம்மீது எனக்குச் சற்று வருத்தம் உண்டு. க.நா.சு. சலிக்காமல் பட்டியல் போட்டார். அதைத் திட்டிக்கொண்டேனும் நாம் அந்த நூல்களைத் தேடிப் படித்தோம். சினிமா என்று வந்தால், நாவலைக் கெடுத்துவிட்டார்களா இல்லையா என்ற கேள்வியோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. நாவலிலிருந்து வராத 'சந்தியா ராகம்' போன்ற படம் நம் கணக்கில் வருவதேயில்லை. விருதுப் படம் என்றால் மெதுவாக நகரும் என்ற பொதுஜன அபிப்பிராயத்தை, மெதுவாக நகரும் நாவல்களைக் கொண்டாடும் நாமும் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

எனவே ஒரு சிறிய வேண்டுகோள். 'ஏழாவது மனிதன்', 'சந்தியா ராகம்' ஆகியவற்றின் பிரதி எங்கேனும் கிடைத்தால், தெளிவற்ற பிரதியாக இருந்தாலும், ஒருமுறை பாருங்கள். பிடித்திருந்தால் ஏன் பிடித்தது என்று நாலு வரி எழுதுங்கள். பிடிக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். மறக்கப்படுவதைவிடத் திட்டப்படுவது ஒரு படத்துக்கு நல்லது. 'உன்னைப்போல் ஒருவன்' படத்தைத் திரையில் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் நினைவிலிருப்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் படத்துக்கு நாம் இப்போதைக்குச் செய்யக்கூடியது அதுதான்.